எதுக்குன்னு சொல்லுங்க

நேற்று விற்ற சைக்கிள் இன்று காலையிலேயே திரும்பி வந்து வாசலில் நின்றதைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. திருப்பித் தர வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்.

நேற்றே அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வாங்க வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரே மாடலில் ஆறு ரோடு பைக்குகள் இருந்தும் அவள் நிறம் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் சாய்க்கச் சொல்லி, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். ஐந்தாவதில் நின்று, இதுதான் வேண்டும் என்றாள். ராசி எண் பார்த்து சைக்கிள் வாங்கும் ஆளை முப்பது வருட வியாபாரத்தில் அவர் கண்டதில்லை.

இன்று கணவரையும் கூட்டி வந்திருந்தாள். ஹெல்மெட் அவர் கையில் இருந்தது. கடைக்காரர் அவரைப் பார்த்து, "என்ன சார், வண்டி சரிப்பட்டு வரலையா?" என்றார்.

"என்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல சார். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"வண்டி என்னுது," என்றாள் அவள். "குறை ஒண்ணும் இல்ல. ஃப்ரேம்ல இருக்கிறது ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மிதிக்கவும் பிரேக் பிடிக்கவும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் பாடு என்று சொல்லிப் பார்த்தார். டயர் மாற்ற வந்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். கணவர் சங்கடப்பட்டு, கிளம்பலாம் என்று அவள் தோளைத் தொட்டார்.

அவள் நகரவில்லை. "கேட்ட இடத்துல எல்லாம், உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்னுதான் சொன்னாங்க. வருஷக்கணக்காக் கேட்டுட்டேன். அதான் வாங்கிட்டேன். இப்ப வண்டிக்குச் சொந்தக்காரி கேக்கிறேன். சொல்லித்தானே ஆகணும்?"

நாலைந்து கடைகளில் விரட்டியிருப்பார்கள் போல என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் மறுக்க வாய் வரவில்லை. சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்.

பின் சக்கரத்துக்கு இறங்கும் கம்பியின் உட்புறத்தில் ஒரு சின்ன முளை இருந்தது. அவள் முதலில் கேட்டது அதைத்தான். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, தொங்கிய செயினை எடுத்து அந்த முளையில் மாட்டிக் காட்டினார். சக்கரம் இல்லாதபோது செயின் ஆடி ஃப்ரேமைக் கீறக் கூடாது, அதற்குத்தான் இது என்றார்.

அவள் செயினை எடுத்துத் தானே மாட்டினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி மாட்டினாள். "இவ்வளவுதானா," என்று மெல்லச் சொன்னாள். அது ஏமாற்றமா சந்தோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஹேண்டில்பாருக்குப் பின்னால் இருந்த இன்னொரு முளை, பம்பைச் செருகி வைக்க. பின் அச்சை ஒட்டிய சின்ன வளையங்கள், மட்கார்டு மாட்ட. கீழ்க் குழாயின் அடியில் இருந்த இரண்டு மரைத் துளைகளை அவள் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலுக்கு மேலேயே இரண்டு ஜோடி இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று விடாமல் கேட்டாள். நெடுந்தூரம் போகிறவர்கள் அங்கே ரிப்பேர் சாமான் டப்பாவைப் பூட்டிக்கொள்வார்கள் என்று சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனாள்.

சொல்லச் சொல்ல கடைக்காரருக்கே உற்சாகம் வந்துவிட்டது. சிரித்த வாடிக்கையாளர்களும் பக்கத்தில் வந்து கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து, செயின் முளைக்குக் கீழே விரலை வைத்து, இந்த ஓட்டை எதுக்கு என்றார்.

ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மரை இல்லை, எதையும் மாட்ட முடியாது. கடைக்காரர் அதை இதுவரை கவனித்ததே இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் வாத்தியார் மாதிரி பேசிவிட்டு, தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அது ஒண்ணுத்துக்கும் இல்ல. ஃபேக்டரியில எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே ஓட்டை விட்டிருக்கான்."

இத்தனை நேரம் ஃப்ரேமின் மேலேயே கண்ணாக இருந்தவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஓட்டை இல்லைன்னா இந்த ஃப்ரேமே இல்ல. குழாயைப் பத்த வச்சு ஒட்டும்போது உள்ள இருக்கிற காத்து சூடாகிப் பொங்கும். வெளிய போக வழி விடலைன்னா, உருகின பித்தளையைத் தள்ளிக்கிட்டு வந்துரும். ஜாயின்ட் பொத்தலாப் போயிரும்."

இவ்வளவு தெரிந்தவள் ஒரு முளை எதற்கு என்று கேட்கவா வந்தாள் என்று கடைக்காரருக்கு ஒரே குழப்பம். எல்லார் முன்னாலும் தோற்க மனம் இல்லாமல், விட்டுக்கொடுக்காத குரலில் சொன்னார்:

"சரி, ஓட்டை அதுக்குன்னே இருக்கட்டும். அவன் தூங்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் அன்று முதல் முறையாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவன் இல்ல, நான். முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."