இரண்டடி அகலத்தில் ஒரு சூரியோதயம்

"இந்தத் தடவை ரெண்டடி அகலம் இருந்தா நல்லா இருக்கும் சார்," என்றான் கீழ் வீட்டில் குடியிருப்பவன். கையோடு இஞ்ச் டேப்பும் கொண்டு வந்திருந்தான்.

மாடி வராந்தாவில் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து தினம் ஒரு வாட்டர்கலர் என்று தீட்டித் தள்ளுகிறார். காலையில் படம் வந்து விழும் பயத்தில் பெற்ற பிள்ளைகளே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டார்கள். கேட்டு வாங்கிப் போகிற ஒரே ஆத்மா இவன்தான். ஏற்கெனவே நாலு படம் வாங்கிவிட்டான்.

"என்ன வரையட்டும் தம்பி? சூரியோதயமா, படகா?"

"எதுவா இருந்தாலும் சரி சார். அகலம் மட்டும் குறையாமப் பாத்துக்கோங்க."

"நேத்து படகுன்னு காட்டினாரு. நான் பிஞ்ச செருப்புன்னு நெனச்சேன்," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ரசனை உள்ளவன் கேட்டு வாங்கறான். உனக்கு ஏன்டி வயித்தெரிச்சல்?"

படம் என்றால் இப்படிக் குழைகிற மனுஷர், வீடு என்றால் ஆளே வேறு. சுவரில் ஒரே ஒரு பென்சில் கோடு இருந்ததற்காகப் போன குடித்தனத்தை மூட்டை கட்ட வைத்தவர். ஒப்பந்தம் ஒரு வருஷம். அது முடிகிற அன்று டார்ச் லைட்டோடு வந்து நாலு சுவரையும் அலசிப் பார்த்த பிறகுதான் மறுபடி கையெழுத்துப் போடுவார்.

அந்த நாளும் வந்தது. கீழ் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்தே சுவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் வேலை, மூன்று வயது மகளுக்கு எதிர் வரிசையிலேயே காப்பகம். இந்த வீடு போனால் இரண்டும் போச்சு.

ஹாலுக்குள் நுழைந்த ஓனர், சுவரைப் பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டார். ஐந்து படங்களுக்கும் சட்டம் போட்டு, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள். அடடா, என்ன பொறுப்பு!

"ஏன் தம்பி, எல்லாத்தையும் இடுப்புக்குக் கீழ மாட்டியிருக்கீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நாங்க தரையில உக்காந்துதான் சார் சாப்பிடுவோம். சாப்பிடறப்ப கண்ணுக்கு நேரா இருக்கணும்ல?"

சூரியோதயம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கலாம் என்று ஓனர் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்!" இருவரும் ஒரே குரலில் அலறிவிட்டார்கள்.

ஓனர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அது வந்து... நீங்க தொட்டா சும்மா இருக்க மாட்டீங்க சார்," என்று அவன் சமாளித்தான். "இன்னும் கொஞ்சம் திருத்தறேன்னு எடுத்துட்டுப் போயிடுவீங்க. எங்களுக்கு இது இப்படியே இருக்கட்டும்."

ஓனருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததுண்டா? மற்ற சுவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"நீங்களாப் போறேன்னாலும் நான் விடமாட்டேன், தெரிஞ்சுக்கோங்க!" என்று மூக்கை உறிஞ்சியபடி படியேறினார். "ஏய், கீழ போய்ப் பாருடி, என் படத்துக்குக் கிடைக்கிற மரியாதைய!" என்று அவர் மனைவியிடம் முழங்கியது கீழ் வீடு வரை கேட்டது.

அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த மகளை வாரித் தூக்கி, கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"மாடித் தாத்தா அடுத்த படம் தர்ற வரைக்கும் சுவத்துல கிறுக்கக் கூடாது, தெரியுதா?"