பள்ளிக்கூட வாசலில் ஒரு புள்ளி

"நீ இப்போ பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறே" என்றார் கண்காணிப்பு அதிகாரி, போனில்.

வெல்டர், தன் அக்கா வீட்டு அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

தெருச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்தவன் அவன். கொஞ்ச நாள் ஜெயில், மிச்ச நாள் வீட்டுக்காவல். கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டை. செயற்கைக்கோளைக் கேட்டு, அவன் இருக்கும் இடத்தை அதிகாரியின் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். வாசற்படி தாண்டினால் மறுபடியும் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

இன்னும் இரண்டே வாரம் பாக்கி.

வீட்டில்தான் இருக்கிறேன் என்றான். புள்ளி பொய் சொல்லாது என்றார் அதிகாரி.

வீடியோவில் வந்தான். காலைக் காட்டினான், பட்டையைக் காட்டினான், பூண்டைக் காட்டினான். அடுப்படி எந்த வீட்டிலும் இருக்கும், பூண்டை எங்கே வேண்டுமானாலும் உரிக்கலாம் என்றார் அவர்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்ததற்கு அனுபவித்தாயிற்று. செய்யாததற்கும் அனுபவிக்க வேண்டுமா? அதுவும் போயும் போயும் அந்த வாசலுக்கா?

வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரிந்து அக்கா போனைப் பிடுங்கினாள்.

"இங்கதான் சார் இருக்கான். பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கான்."

அதிகாரியின் குரல் இறங்கியது. அக்காவை அவருக்குத் தெரியும். கோர்ட்டில் கூண்டேறி, ஆமாம், என் தம்பிதான் அடித்தான், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவளே அவள்தான். அக்காவுக்குப் பொய் வராது. சீட்டாட்டத்தில்கூடக் கையில் இருப்பதை முகமே சொல்லிவிடும்.

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெல்டர் நகம் எரிய எரிய உரித்தான். பூண்டு என்ன பாவம் செய்ததோ, பாதிப் பற்கள் நசுங்கின.

மறுபடி போன் வந்தபோது அதிகாரிக்கே அலுத்துப்போயிருந்தது. சூரியனில் ஏதோ வெடிப்பாம். அங்கிருந்து கிளம்பிய புயல் நம் தலைக்கு மேலே வானத்தைக் கலக்கிவிட்டதில், செயற்கைக்கோள் சொல்வதெல்லாம் தாறுமாறாக வந்து சேர்கிறதாம். ஒருவன் ஏரி நடுவில் நிற்கிறானாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் இன்னொருவன் பாலத்தில் ஓடுகிறானாம். இருட்டும் வரை எந்தப் புள்ளியும் செல்லாது என்று மேலிடத்து உத்தரவு.

எல்லாம் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"இத்தனை நாளா சனிதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்க்கா. இப்ப சூரியனுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் கொதித்துப்போய்த்தான் இருந்தாள்.

அப்போது இரண்டு தெரு தள்ளி மணி அடித்தது. கடைசி வகுப்பு தொடங்கும் மணி.

அவன் மகள் அங்கேதான் படிக்கிறாள். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவள், பிள்ளையை ஒருநாளும் அழைத்து வந்ததில்லை. அப்பா கப்பலில் வெல்டிங் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கை தானாக நின்றுவிடும். இன்றைக்கும் நின்றது.

அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

பள்ளி விடும் நேரத்துக்கு மறுபடியும் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். அதிகாரிக்கு இப்போது சிரிப்பு தாங்கவில்லை.

"இந்தச் சூரியன் இன்னும் அடங்கலம்மா. உங்க தம்பியை மறுபடியும் அதே பள்ளிக்கூட வாசல்ல கொண்டுபோய் நிறுத்தியிருக்கு, பாருங்க!"

அக்கா பூண்டுத் தட்டைப் பார்த்தாள். பாதி உரித்தது, பாதி உரிக்காதது. நாற்காலியில் அவனுடைய அரைக்கால் சட்டை கிடந்தது. கொடியில் காய்ந்த முழுக்கால் சட்டையைக் காணோம். வாசலில் செருப்பும் இல்லை.

"இங்கதான் சார் இருக்கான்" என்றாள் அக்கா. "பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கான்."