லாட் நம்பர்

“எல் ட்வென்ட்டி த்ரீ பாயின்ட் ஜீரோ,” என்றான் தமிழ்வேந்தன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பாவின் கைகளைப் பார்த்து.

வேலுவுக்கு அழுகை முட்டியது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் குரோம் தண்ணீரில் ஊறி, வெடித்து, இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் கைகள் அவை. அந்தக் கைகள் படிக்கவைத்த பிள்ளை மூன்று நாளாக அப்பா என்று கூப்பிடவில்லை. எண்களாகவே பேசினான்.

“லாட் நம்பர் சொல்றான் சார்,” என்றார் டாக்டரிடம். “எங்க ஷாப்புல தோல் கட்டுக்கு இப்படித்தான் நம்பர் போடுவோம். சின்ன வயசுல எனக்கு சோறு எடுத்தாந்தப்ப பாத்தது.”

டாக்டர் சாமுவேல் நின்றபடி கேஸ் ஷீட்டைப் புரட்டினார். வேலு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார்.”

“பரவால்ல.”

“காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்களே சார்.”

“பரவால்லன்னேனே! டெங்கு இல்ல, மலேரியா இல்ல. மாத்திரை போட்டா காய்ச்சலும் கம்மியாய்டுது. பையன் என்ன வேலை?”

“வேலூர்ல கம்ப்யூட்டர் வேலை சார். ராவெல்லாம் முழிச்சிருந்து அமெரிக்காகாரங்களுக்கு ஏதோ எழுதறான்.”

“தூக்கம் கெட்டா இப்படித்தான். மனநல டாக்டருக்கு லெட்டர் தர்றேன். நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

தமிழ்வேந்தன் டாக்டரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். “கே சிக்ஸ்ட்டி ஃபோர் பாயின்ட் நைன்.” பிறகு தன் நெற்றியைத் தொட்டான். “பி ஜீரோ ஜீரோ பாயின்ட் ஃபோர். பி ஜீரோ ஜீரோ பாயின்ட் ஃபோர்.”

‘சம்பந்தமில்லாத பேச்சு’ என்று டாக்டர் எழுதினார்.

ஃபைல் வாங்க வந்த பிரிசில்லா எல்லாவற்றையும் கேட்டபடி வாசலிலேயே நின்றிருந்தாள். ரெக்கார்டு அறையில் வேலை அவளுக்கு. வியாதியின் பெயரை டாக்டர் எழுதுவார். ஒவ்வொரு பெயருக்கும் உலகம் முழுக்க ஓர் எண் உண்டு, அதைத் தேடிப் போடுவது அவள். டாக்டர்கள் அந்த எண்களை மனப்பாடம் செய்வதில்லை.

“சார், அது லாட் நம்பர் இல்ல, வியாதி நம்பர். இவரும் என்னை மாதிரி ஃபைலுக்கு நம்பர் போடற கோடர்தான். எல் ட்வென்ட்டி த்ரீன்னா தோல் அலர்ஜி, பாயின்ட் ஜீரோன்னா குரோம் மாதிரி உலோகத்தால வந்தது. அவங்கப்பா கைய பாருங்க.”

“அப்பா கை பையனுக்குத் தெரியாதா?”

“தன்னைத் தொட்டுச் சொன்னாரே சார், அது ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல். ஆயிரம் ஃபைல் படிச்சிருப்பாரு. இன்னைக்கே மருந்து ஏத்தலன்னா நெனப்பு திரும்பாது சார். உயிரே போய்டும்.”

வேலு டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

டாக்டர் சிரித்தார். “பேஷன்ட்டே வியாதி சொல்லுவான், நான் எழுதிக்கணுமா? என்னைப் பாத்துகூட ஏதோ நம்பர் சொன்னான். அதுவும் கரெக்ட்டா?”

பிரிசில்லா தயங்கினாள். பிறகு அவர் காதருகே போய் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. டாக்டர் கதவைப் பார்த்தார், வேலுவைப் பார்த்தார், தன் கையிலிருந்த லெட்டரைப் பார்த்தார். அதை நான்காகக் கிழித்தார்.

“சிஸ்டர்! முதுகுத் தண்ணி எடுக்க ரெடி பண்ணுங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், வைரஸ் மருந்த இப்பவே ஏத்துங்க.” சொல்லிவிட்டு, கால்களைச் சற்று அகட்டி வைத்து, மெதுவாக வெளியே நடந்தார்.

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கத் தொடங்கியதும் வேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டாக்டரையே நம்ப வெச்சிட்டியேம்மா. அவரு காதுல இன்னா சொன்னே?”

பிரிசில்லா காலி நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள்.

“மூலம்ணே.”