சிவப்புத் தகரம்

“யோவ் வேம்பு, இது நாலாவது தடவை! இப்பவாச்சும் மண்டையில ஏறுதா?”

இளையபெருமாள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்கள். ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்கு வெள்ளையும் அவரே பூசி, மேலே வாய் வெட்டி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர். உலகச் சண்டையெல்லாம் முடிந்து இப்போது நாற்பத்தாறில்தான் அடுத்த தேர்தல். ஆளுக்கொரு நிறப் பெட்டி. அவருக்குச் சிவப்பு, எதிர்த்து நிற்கும் பஞ்சநாதனுக்கு வெள்ளை. சொந்த ஊர் ஓட்டு முழுசாக விழாவிட்டால் இந்தத் தடவை கரையேற முடியாது.

“சீட்டுல என் பேரு இருக்காதுங்களே?” என்றார் வேம்பு.

“இருக்காது.”

“கைநாட்டு?”

“கெடையாதுய்யா! சீட்டை வாங்குற. படுதாவுக்குப் பின்னாடி நீ மட்டும் போற. செவப்புப் பெட்டியில போடுற. எண்ணுறப்போ எல்லாச் சீட்டும் ஒண்ணாக் கலந்து கெடக்கும். எது யாரோடதுன்னு கவர்னரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“ஐயாவுக்குமா தெரியாது?”

இளையபெருமாளுக்குச் சுருக்கென்றது. “ஏன் அதையே நோண்டுற? வெள்ளையில போடப்போறியா?”

“ஐயையோ!” வேம்பு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பஞ்சநாதன் ஆளுங்க வண்டி அனுப்புறாங்க, சோறும் போடுறாங்க. அதைத் தின்னுட்டு உங்களுக்குப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னுதான்...”

“அட, இதுக்குத்தானா! நல்லாத் தின்னுட்டு வந்து செவப்புல போடு.”

வேம்பு போனதும் அவர் மனைவி சுந்தராம்பாள் மோர்ச் செம்பை நீட்டினாள்.

“ஏங்க, குடிதண்ணிக் கெணறு என்னாச்சுன்னு பொம்பளைங்க கேக்குறாங்க. ஒம்பது வருசமா ஏரித் தண்ணியத்தான் வடிகட்டிக் குடிக்கிறோம்.”

“மனு தாலுக்கா ஆபீசுல இருந்து திருச்சி கலெக்டருக்குப் போச்சு. அங்கேருந்து எஞ்சினீயருக்கு. அவர் ஒரு கேள்வி எழுதித் திரும்ப தாலுக்காவுக்கு... ப்ச், உனக்கு இதெல்லாம் புரியாது.”

அவள் தகரங்களைப் பார்த்தாள்.

“பொம்பளைங்களுக்கும் இதே மாதிரிதானுங்களா?”

“உங்களுக்குத் தனிச் சாவடி, தனிப் பெட்டி. மத்தபடி ஒண்ணுதான்.”

“யாரு எதுல போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது?”

“நீயுமா! நாலு தடவை கத்துனேனே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு.”

“அப்போ நம்மூருல ஓட்டுள்ள முப்பத்தெட்டுப் பொம்பளைங்களுக்கும் நீயே சொல்லிக்குடு. எனக்குத் தொண்டை போச்சு.”

“சரிங்க” என்று இரண்டு தகரங்களையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சாயங்காலம் வரைக்கும் அங்கே பெண்களின் பேச்சும் தகரத்தில் சீட்டு விழும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இளையபெருமாள் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

அரியலூரில் ஓட்டு எண்ணினார்கள். அவர் ஊர் ஆண்கள் சாவடியின் சிவப்புப் பெட்டியைத் திறந்ததும் சீட்டுகள் மேஜையில் குவிந்தன. வேம்புவின் சீட்டும் அதில்தான் எங்கேயோ இருக்கிறது என்று இளையபெருமாள் சிரித்துக்கொண்டார்.

அடுத்தது பெண்கள் சாவடி. அதிகாரி சிவப்புப் பெட்டியைத் திறந்தார். கவிழ்த்தார். அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

“ஒண்ணுமில்லீங்க. சுத்தமாக் காலி.”

ஓட்டுப் போட்ட அன்று விடிந்ததும் அந்தச் சாவடிக்கு வில்வண்டி கட்டி, முதல் ஓட்டைப் போடச் சுந்தராம்பாளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் இளையபெருமாளேதான்.