தைலத்துக்குச் சாட்சி

முழங்கால் தைலம் விற்க மதுரையிலிருந்து வந்த சோமசுந்தரம், பண்ணைக்காட்டு டீக்கடையில் ஊர்க்கதை கொஞ்சம் கேட்டுக்கொண்டு, முதலில் தென்பட்ட வீட்டுக் கதவைத் தட்டினான்.

"தெறந்துதான் கெடக்கு, உள்ள வாங்க."

கட்டிலில் உட்கார்ந்து மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்த கண்மணி, பாட்டிலைப் பார்த்ததும் தலையாட்டினாள். "வேணாங்க. எத்தனையோ தைலம் தடவிப் பாத்தாச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா! உங்க ஊரு ஜீப் டிரைவர் நல்லுசாமி சம்சாரம், நடக்க முடியாம வருசக்கணக்காப் படுத்துக் கெடந்தாங்க. நம்ம தைலம் ஒரே பாட்டில்தான். போன கிருத்திகைக்குப் பழனி மலையே ஏறிட்டாங்க!"

கண்மணியின் கை நின்றது. "நெசமாவா? நீங்க பாத்தீங்களா?"

"எங்கூடத்தானே படி ஏறுனாங்க! நான் பாதியில மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். அவங்க நிக்கவே இல்லையே!"

"சாமியப் பாத்தாங்களா?"

"கண் குளிரப் பாத்தாங்க!"

கண்மணிக்குச் சிரிப்பு பொங்கியது. கண்ணும் லேசாகக் கலங்கியது.

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. கட்டிலை விட்டு எழ முடியாமல், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"ஏங்க, வெரசா உள்ள வாங்க! நான் பழனி மலை ஏறுனதக் கண்ணால பாத்தவரு வந்திருக்காரு!"