பூட்டுக்கு வந்த மாலை

ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் சத்திரத்தில் வருடா வருடம் அகப்பைக்குத்தான் மாலை விழும். இந்த வருடம் அகப்பை அதை அரிசி அறைப் பூட்டிடம் தூக்கிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் எட்டிப் பார்க்காத மாலை இன்று ஏன் வருகிறது என்று பூட்டுக்குச் சந்தேகம்.

"யாருக்குத் திறந்துவிடணும்? முதல்ல அதைச் சொல்லு."

"யாருக்கும் வேணாம் அண்ணே. 'ஒரு பருக்கைகூடப் போடாத பூட்டு எதுக்கு, கழட்டி எறியுங்க'ன்னு எலி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. ஜனமும் தலையாட்டுது. நீ காத்த அரிசியைத்தான் நான் கஞ்சியா ஊத்துறேன்னு அவங்க முன்னாடி சொல்லணும்."

பூட்டு மாலையை உதறி, நாரைக்கூடச் சோதித்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டியது.

அகப்பை சொல்லி முடித்ததும் பந்தியே எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது எலிதான்.

பூட்டு இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டது.