பதினோரு விநாடி

நீச்சல் டீச்சர் மேசையில் ஓங்கி அறைந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து உருண்டது. எதிரே இருந்த கல்லூரிப் பெண் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள்.

"முங்கிப்போன குழந்தையை நான் இழுத்து வெளிய போட்டது எங்கடி? வீடியோவுல அதை வெட்டி எறிஞ்சிட்டு, அமுக்குற மாதிரி தெரியுற பதினோரு விநாடியை மட்டும் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கே!"

"நல்லாக் கேளுங்க. மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த சமரச அலுவலர். வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், தப்புச் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது அந்த அம்மாளின் வேலை. வேறு அலுவலர் உடனே கிடைப்பார் என்றபோதும், இவர்தான் வேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தார் டீச்சர்.

"நிறைய பேர் பாப்பாங்கன்னு போட்டுட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. மன்னிச்சிடுங்க டீச்சர்." என்றாள் பெண்.

"என்னத்த மன்னிக்க? வேலை போச்சு. உண்மை தெரிஞ்ச பிறகும் திரும்பக் கூப்பிடல. கடைக்குப் போனா, என்னைப் பார்த்ததும் பெத்தவங்க பிள்ளைங்க கையை இறுக்கிப் பிடிச்சுக்கறாங்க. என் மக பள்ளிக்கூடத்துல தனியா உக்காந்து சாப்பிடறா!"

பெண் தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நடிப்பில்லை.

அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார். "முழு வீடியோவையும் போட்டு, முகத்தைக் காட்டி மன்னிப்புக் கேக்கறேன்னு எழுதிக் கொடுத்திருக்கா. செஞ்சவங்க வாயால ஒத்துக்கிட்டாத்தானே மனசு ஆறும்?"

டீச்சர் தாள் கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "நீ போம்மா. சொன்னபடி செய்."

பெண் கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். கதவு சாத்திக்கொண்டது. டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"அதான் முடிஞ்சுதே" என்று சிரித்தபடி கோப்பை மூடினார் அலுவலர். "இன்னும் என்னங்க கோபம்?"

டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. கண்களில் நெருப்பு அப்படியே இருந்தது.

"அந்த வீடியோவுக்குக் கீழ, 'இவளையும் தண்ணியில அமுக்கிக் கொல்லணும்'னு எழுதினது நீங்கதானே, மேடம்?"